சின்ன வெட்டா, பெரிய வெட்டா: முகம் தூக்கிய வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் முதல் லிஃப்ட் திருக்கோவிலூரில் நடந்தது. தூக்கப்பட்டவர் ஔவையார். தூக்கியவர் பிள்ளையார். கருவி, தும்பிக்கை. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட ஔவை, தானும் போகவேண்டுமே என்று பூசையை விறுவிறுவென்று முடிக்கப் பார்த்தாளாம். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை விஷயத்தில் அவசரம் பிடிக்காது. "நிதானமா செய் பாட்டி, உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு" என்றார். பூசை முடிந்தது. வீரட்டானேஸ்வரர் கோயில் பெரிய யானைக் கணபதி தும்பிக்கையை நீட்டி ஒரே தூக்கு. யானைக்காரரும் குதிரைக்காரரும் கயிலைக்குப் போய் இறங்கியபோது, கிழவி முன்னாலேயே போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெட்டு இல்லை, தையல் இல்லை, வீக்கம் இல்லை, பில் இல்லை. ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் குறையவில்லை. குறைத்திருந்தால் பாட்டி சண்டைக்கு வந்திருப்பாள். அந்தச் சுருக்கங்கள் அவள் கேட்டு வாங்கியவை. பருவ வயதில் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்க, அவள் இதே பிள்ளையாரிடம் போய் முதுமையைக் கேட்டாள் என்பது ஊரறிந்த கதை. வரம் கிடைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் தலைநரைத்த பாட்டியைப் பார்த்து, "பொண்ணு உள்ளே இருக்குதுங்களா?" என்று கேட்டிருப்பார்கள். தகடூர் அதியமான் பாடு இன்னும் பரிதாபம். ஆயுளை நீட்டும் நெல்லிக்கனி ஒன்றே ஒன்றுதான் கைக்கு வந்தது, அதையும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். அந்த ஔவை வேறு, இந்த ஔவை வேறு என்று புலவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஊர்க்கதை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அதன் கணக்குப்படி, இளமையே வேண்டாம் என்றவளுக்கு உலகத்திலேயே நீளமான முதுமை வாய்த்தது.

காரைக்கால் அம்மையார் இதற்கும் ஒரு படி மேலே போனவர். கணவன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டான், இனி இந்த அழகு யாருக்கு என்று சதையையே உதறிவிட்டுப் பேயுரு வாங்கிக்கொண்டார். இப்படி நம் பக்கத்துப் பெரிய பெண்மணிகள் எல்லாரும் கிழடாவதற்கு வரம் கேட்டுக்கொண்டிருந்தபோது, இளமைக்கு ஆலாய்ப் பறந்தது ஆண்பிள்ளைகள். யயாதி மகாராஜா முதல் ஆள். மாமனார் சுக்கிராச்சாரியார் சாபத்தால் ஒரே நாளில் கிழவனான அவர், ஐந்து பிள்ளைகளையும் வரிசையாகக் கூப்பிட்டு, "உன் இளமையைக் கொடு, என் கிழத்தை எடுத்துக்கொள்" என்றார். நாலு பேர் பாகப்பிரிவினையில் போனால் போகட்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைக்குட்டி பூரு மட்டும் சம்மதித்தான். ஆயிரம் வருஷம் ஆடிவிட்டு, ஆசை அடங்கவே அடங்காது என்று கண்டுபிடித்து, அப்பா இளமையைத் திருப்பிக் கொடுத்தார். இன்றைய விலையில் இது எந்த ஆபரேஷனையும்விட மலிவு. ஆனால் இந்தக் காலத்தில் பூரு கிடைக்கமாட்டான்.

இவ்வளவு பழங்கதையும் எதற்கு என்றால், இந்தப் பேச்சு இப்போது கல்வராயன் மலையடிவாரம் வரை வந்துவிட்டது. கோமுகி அணைக்கரையில் நின்றாலும் செல்போனில் விளம்பரம் வருகிறது. இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. இடது பக்கத்து அம்மா சிரிக்கமாட்டார், விளக்கு வெளிச்சமும் இருக்காது. வலது பக்கத்து அம்மாவுக்கு இரண்டும் இருக்கும். வடக்கனந்தல் திண்ணையில் பேச்சு இப்படிப் போகும்:

"ஏம்மா, காதோரம் நாலு தையல் போட்டா பத்து வயசு கொறையுமாமே?"

"நாலு தையல்னா அது சின்ன வெட்டு அத்தே. மினி. காதைச் சுத்தி பின்னந்தலை வரைக்கும் போனாத்தான் ஃபுல்லு."

"சின்னதே போதும்னா பெருசு எதுக்கு? பெருசுதான் நல்லதுன்னா சின்னது எதுக்கு?"

அத்தையின் கேள்விக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். உலகத்துப் பெரிய சர்ஜன்கள் எல்லாம் இதற்குப் பதில் சொல்லி, பதிலை மாற்றி, மாற்றிய பதிலையும் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கூத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முகத்தில் கத்தி வைக்கும் வேலையில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. அறுந்த காதுமடலை ஒட்டவைக்க மட்டும் பதினைந்து வகை சொன்னவர் சுஸ்ருதர். கனத்த தோடு போட்டுக் காதை அறுத்துக்கொள்வது அந்தக் காலத்திலேயே தேசியப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. மூக்குக்கும் வழி சொன்னார். மூக்களவுக்கு இலையை வெட்டி அளவெடுத்து, அதே அளவில் கன்னத்துத் தோலைக் கிளப்பி ஒட்டவேண்டும். மூச்சு விடுவதற்கு ஆமணக்குத் தண்டு இரண்டு செருகவேண்டும். மூக்குக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், அறுக்க ஆள் இருந்தது. 1656 வாக்கில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்து, தலையை விட்டுவிட்டு மூக்கை மட்டும் அறுத்துக்கொண்டு போனது. திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. ரகுநாத சேதுபதி ஓடிவந்து காப்பாற்றினார். பிறகு மதுரைப் படை மைசூர் வரை துரத்திப்போய்ப் பதிலுக்கு மூக்குகளை அறுத்தது. வரலாற்றில் இதற்கு மூக்கறு போர் என்றே பெயர். எல்லை எவ்வளவு நகர்ந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, மூக்குதான் ஞாபகம்.

நூற்றைம்பது வருஷம் தாண்டவில்லை, அதே மைசூர், அதே பழக்கம். ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியரை 1792 போரில் திப்புவின் ஆட்கள் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் திரிந்தவருக்குப் புனே பக்கத்தில் புது மூக்கு வைத்தவர் செங்கல் அறுக்கும் குலத்துக்காரர். நெற்றித் தோலை இறக்கி மூக்காகத் திருப்பிவிட்டார். வெள்ளைக்கார டாக்டர்கள் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். செய்தி மதராஸ் பத்திரிகையில் வந்து, 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' வரை போனது. அதைப் படித்த கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன் வருஷக்கணக்காகப் பிணங்களில் ஒத்திகை பார்த்து, 1814-ல்தான் உயிருள்ள மூஞ்சியில் கை வைத்தார். செங்கல்காரருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அவருடைய பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை. மாட்டுக்காரர் பெயர் மட்டும் மருத்துவப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது.

அறுபட்ட மூக்கைச் சரிசெய்வதை யாரும் கேலி பேசவில்லை. கேலி எல்லாம் தொங்கின கன்னத்துக்குத்தான். நம் ஜிஎஸ்டி சட்டத்துக்கும் இதே மனசுதான். மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு உண்டு. பிறவிக் குறையாலோ காயத்தாலோ சிதைந்ததைச் சீர்செய்தாலும் விலக்கு உண்டு. வெறும் அழகுக்கென்றால் கிடையாது. ஆக, திப்பு அறுத்திருந்தால் வரி இல்லை, வயசு இழுத்துவிட்டிருந்தால் வரி கட்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு இதற்காக யாரும் பஸ் ஏறவேண்டாம்.

தொங்கின கன்னத்துக்கு முதலில் கத்தி எடுத்தவர் பெர்லின் சர்ஜன் ஹாலண்டர். 1901-ல் ஒரு போலந்துப் பிரபு குடும்பத்துச் சீமாட்டி வந்து, காதோரத்துத் தோலைக் கொஞ்சம் வெட்டி இழுத்துத் தைக்கச் சொன்னார். மனிதர் செய்தார். செய்ததை வெளியே சொன்னது 1932-ல். முப்பத்தொரு வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்திருக்கிறார். அடுத்தவர் லெக்சர், அவரும் ஜெர்மானியர். 1906-ல் அவரிடம் வந்த நடிகை, தினம் ராத்திரி முகத்தில் பிளாஸ்திரி ஒட்டி, தலைக்கு மேலே ரப்பர் பட்டை போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர். இழுத்த தோல் மடிப்புவிழுந்து நிற்க, "இந்த மிச்சத்தை வெட்டி எடுத்துவிடுங்களேன்" என்று வந்து நின்றார். அதாவது, ஆபரேஷனின் பாதியை நோயாளி வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். லெக்சர் இதை ஒப்புக்கொண்டது 1931-ல். பெரிய டாக்டர்களுக்கு அழகு ஆபரேஷன் செய்தோம் என்று சொல்ல வெட்கம். நாடகக்காரிக்கு வெட்கம் கிடையாது. அவளுக்கு மறுநாள் மேடை இருந்தது.

இங்கே நம் நாடகக்காரர்கள் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். டி.கே. சண்முகம் ஆண்பிள்ளை. கிழவி வேஷம் கட்டி ஔவையாராக நடித்து, பெயரே ஔவை சண்முகம் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் கிழவி குமரியாகக் காசு கொடுத்தாள், இங்கே நடிகர் கிழவியாகிக் கைத்தட்டல் வாங்கினார்.

முதல் தலைமுறை லிஃப்ட் எல்லாமே சின்ன வெட்டுதான். காது முன்னால் ஒரு கீற்று, முடியோரம் ஒரு கீற்று தோலை எடுத்துவிட்டு விளிம்போடு விளிம்பு தைப்பது. பாரீஸில் பாசோ 1919-ல் இதைப் படம் போட்டு எழுதினார். ஆனால் இந்தக் கதையின் நாயகி சுசான் நோயல் அம்மையார். 1912-ல் நடிகை சாரா பெர்ன்ஹார்ட் அமெரிக்கா போய் முகத்தை இழுத்துக்கொண்டு திரும்பிய செய்தி பாரீஸில் பரவியது. படித்தார் நோயல், கண்ணாடி முன் நின்று தன் கன்னத்தையே கிள்ளிக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். முதல் உலகப்போரில் சிதைந்த சிப்பாய்களின் முகங்களில் கை பழகினார். பிறகு தன் இடத்திலேயே, மயக்கம் கொடுக்காமல் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, சின்னச் சின்ன வெட்டுகளாகப் போட்டார். வந்த அம்மாள் அன்றைக்கே தலையை வாரி, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். புருஷனுக்கும் தெரியாது. பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று தொப்பி ரிப்பனில் எழுதிக்கொண்டு தெருவில் நடந்த பெண்மணி இவர். வயசு தெரிந்தால் வேலை போய்விடுகிறது, அதனால் இது ஆடம்பரமில்லை, பிழைப்பு என்று 1926-ல் புத்தகமே எழுதினார். அரசாங்கம் விருது கொடுத்தது, 1928-ல். ஓட்டு கொடுக்க 1944 வரை இழுத்தடித்தது. முகத்தைத் தூக்குவதைவிட பிரெஞ்சு அரசாங்கத்தைத் தூக்குவது கடினமாக இருந்திருக்கிறது.

சின்ன வெட்டில் ஒரு சங்கடம். தோல் ரப்பர் மாதிரி நீளும். சில மாசத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சரி, பெரிதாக வெட்டுவோம் என்று அடுத்த தலைமுறை இறங்கியது. 1920-களில் காது முன்னும் பின்னும் தொடர்ச்சியாக வெட்டி, கன்னத்தில் தோலை விரிவாகப் பிரித்து இழுத்துத் தைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஐம்பது வருஷம் இதுதான் ராஜ்யம். தோல் நிற்கவில்லை என்றால் இன்னும் இழு. பலன், சூறைக்காற்றுக்கு எதிரே நிறுத்திவைத்த முகம். வாய் காது வரைக்கும் போகும், சிரிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் நம் வீட்டில் யாரும் மேலே போட்ட பெட்ஷீட்டை இழுத்துச் செருகுவதில்லை. கால்மாட்டில் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். பெட்ஷீட் தானாக ஒழுங்காகும். இந்த அறிவு சர்ஜன்களுக்கு வர 1974 ஆயிற்று. சுவீடன் நாட்டு ஸ்கூக், தோலோடு அதன் கீழ் அடுக்கையும் சேர்த்துக் கிளப்பித் தூக்கினார். 1976-ல் பாரீஸில் மிட்ஸ், பெரோனி என்ற இருவர் பிணங்களை அறுத்துப் பார்த்து, கன்னத்தில் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தசைகளோடு பின்னிக்கிடக்கும் அந்தப் படலத்துக்குப் பெயர் வைத்தார்கள். டாக்டர்கள் சுருக்கமாக 'ஸ்மாஸ்' என்பார்கள். கழுத்துத் தசையோடு ஒரே தொடர்ச்சியாக ஓடும் படலம் அது. இழுக்கவேண்டியது அதைத்தான். தோலை வெறுமனே மேலே படியவிட்டு, மிச்சத்தை மட்டும் நறுக்கினால் போதும்.

கயிறு கண்ணில் பட்டதும் எல்லாருக்கும் கை அரித்தது. 1990-ல் அமெரிக்கர் ஹாம்ரா படலத்துக்கும் அடியில் புகுந்தார். அங்கேதான் முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. கை தெரிந்தவருக்கு நல்ல பலன், கை தெரியாதவரிடம் மாட்டினால் பாதிப் புன்னகை. ஆபரேஷன் நீண்டது, வீக்கம் நீண்டது, பில்லும் நீண்டது. உடனே ஊசல் திரும்பியது. 2002-ல் பெல்ஜியத்து கென்ட் நகரத்து டோனார்ட், வெர்பேல் இருவரும், வெட்டைக் காதுமடலோடு நிறுத்திக்கொள்ளலாம், பின்னால் போகவே வேண்டாம் என்றார்கள். உள்ளே படலத்தில் வட்டச் சுருக்குத் தையல் இரண்டு போட்டு, நெற்றிப்பொட்டுப் பக்கத்து உறுதியான சவ்வில் மேல்நோக்கிக் கட்டிவிடுவது. நோயல் அம்மையார் காலத்துச் சின்ன வெட்டு, ஸ்கூக் காலத்துக் கயிறு. இப்போது மறுபடி ஆழமாகப் போவதுதான் நாகரிகம் என்று பேச்சு அடிபடுகிறது. நூறு வருஷத்தில் வெட்டு இப்படி முன்னும் பின்னும் போய்வந்ததில், நடுவில் காது மட்டும்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதுவும் எப்போதும் இல்லை, அதற்கு வருகிறேன்.

இப்போது அத்தை கேட்டதற்கு வரலாம். வெட்டின் நீளத்தைக் கேட்பதற்கு முன்னால், தொங்குவது எங்கே என்று பார்க்கவேண்டும். தாடையோரம் மட்டும் லேசாகச் சரிந்திருக்கிறது, கழுத்து உருப்படியாக இருக்கிறது, வயது நாற்பதுகளில் என்றால் சின்ன வெட்டுக்கு அர்த்தம் உண்டு. தழும்பு காது முன்னால் மட்டும், வேலை சீக்கிரம் முடியும், வீக்கமும் சீக்கிரம் வடியும். கழுத்தில் தோல் மடிந்து தொங்குகிறது, தாடைக்குக் கீழே இரண்டு பட்டையாகத் தசை துருத்துகிறது என்றால், காது முன்னால் வெட்டி அதை எட்டவே முடியாது. இழுத்த தோலின் மிச்சம் எங்காவது போகவேண்டும் இல்லையா? காதுக்குப் பின்னால், பின்னந்தலை முடிக்குள் கொண்டுபோய்த்தான் அதை நறுக்க வேண்டும். வேண்டுமானால் மோவாய்க்கு அடியிலும் ஒரு சின்னக் கீறல். பெரிய கழுத்துக்குச் சின்ன வெட்டுப் போட்டால், காதோரம் தோல் சுருக்கு விழுந்து நிற்கும். சின்னத் தொங்கலுக்குப் பெரிய வெட்டுப் போட்டால், தழும்பு மட்டும் லாபம். இரண்டிலும் உள்ளே கயிற்றை இறுக்குகிறார்களா, பெட்ஷீட்டை இழுக்கிறார்களா என்பதுதான் எத்தனை வருஷம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும். விளம்பரத்தில் வெட்டின் நீளம் போடுவார்கள். கயிற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்கவேண்டியது அதைத்தான்.

நம் ஊருக்கென்று தனிக் கணக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோல் வெயிலில் காகிதம் மாதிரி கசங்கும். நம் தோல் கனமானது, நிறமுள்ளது, மெல்லிய சுருக்கம் குறைவு, தொங்கல்தான் அதிகம். அந்தத் தோலுக்குத் தழும்பு கறுப்பதும், சிலருக்குக் கெலாய்டாகப் புடைப்பதும் உண்டு. காது குத்தின இடத்திலேயே புடைத்தவர்கள் இதை டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டும். எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போடுகிறவர்களுக்குப் பெரிய வெட்டின் பின்பக்கத் தழும்பு கொண்டைக்குக் கீழே ஊருக்கெல்லாம் தெரியும். பாரீஸ் சீமாட்டிக்குத் தொப்பி இருந்தது. நமக்கு மல்லிகைப்பூதான்.

காதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. தோலை அளவுக்கு மீறி இழுத்து மடலோரம் தைத்தால், நாளடைவில் மடல் கன்னத்தோடு ஒட்டிக் கீழே இறங்கிவிடும். இழுத்துத் தைக்கும் லிஃப்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே அதுதான். தென்பாண்டிச் சீமையில் பாம்படம் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பாட்டிகள் இதைக் கேட்டால், "இதுக்கா காசு கொடுத்தே? ஒரு பாம்படம் வாங்கியிருக்கலாமே" என்பார்கள்.

ஆண்களுக்கு வேறு விதமான தண்டனை. மீசை தாடி வளரும் கன்னத் தோலைக் காதுப் பக்கம் இழுத்தால், தாடியும் கூடவே போகும். பெரிய வெட்டுக்குப் பிறகு காதுக்குப் பின்னாலும் ஷேவ் பண்ணவேண்டி வரும் என்று சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரை, ஆபரேஷனுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே பீடியையும் சிகரெட்டையும் விட்டுவிடவேண்டும் என்று சொல்லித் துரத்தலாம். அது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. புகை ரத்தக்குழாயைச் சுருக்கும், பிரித்தெடுத்த தோலுக்கு ரத்தம் போகாமல் அது கறுத்து அழுகும். தோலை அதிகம் பிரிக்கும் பெரிய வெட்டில் இந்த ஆபத்தும் அதிகம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும், ராத்திரியோடு ராத்திரியாகத் தையலைப் பிரித்து எடுக்கவேண்டி வரும். இதிலும் ஆண்கள்தான் முன்னணி. யயாதி வம்சம் அல்லவா.

இத்தனையும் அலசி, கழுத்தைப் பார்த்து, கயிற்றைக் கேட்டு, பீடியை விட்டு, சரியான வெட்டைச் சரியான கையில் போட்டுக்கொண்டு ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாடை கச்சிதம், கழுத்து நேர்க்கோடு, தழும்பு கண்ணுக்கே தெரியவில்லை. வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால், இளமையாக இருக்கிறீர்கள் என்று ஒருவராவது சொல்வார்களா? நம் ஊரில் அப்படிச் சொல்லும் வழக்கமே கிடையாது. முதலில் எதிர்ப்படும் பெரியவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். கன்னத்தில் தொங்கின சதையைக் காணோம் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது.

"என்னப்பா இப்படி ஒடுங்கிட்டே? சுகர் டெஸ்ட் எடுத்தியா?"